பெட்டி தும்மிய மதியம்

“அதெல்லாம் சரி, போன வருஷம் அந்தப் பெட்டி ஒரு தும்மல்கூடப் போடலையே ஹல்லா, அதுக்கு என்ன சொல்ற?”

இங்வார் இதை வருஷம் முழுக்கக் கேட்டுவிட்டான். கடையில் கேட்டான், துறைமுகத்தில் கேட்டான், என் அத்தையின் சவ அடக்கத்தில்கூட ஒருமுறை கேட்டான்.

இன்று உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவன் முன்னால் வைத்தபோதும் கேட்டான். என் பதில் வெளியே கொட்டகையில் வெந்துகொண்டிருந்தது.

பெட்டி, எங்கள் மீன் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருப்பது. மீனை உறையவைக்கும் இயந்திரங்களிலிருந்து அமோனியா கசிந்தால் கத்துவதற்காக வைத்தது. ஆனால் அது கத்துவதென்னவோ கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் தோர்லாக் திருநாளன்று மட்டும்தான். அன்று ஊரே இங்கே கூடி, புளிக்கவைத்த திருக்கை மீனைச் சாப்பிடும்.

புளித்த திருக்கைக்கும் அதே அமோனியா நெடி. கண்ணில் நீர் கொட்டும். மூக்கு எரியும். போட்டிருக்கும் ஸ்வெட்டரை நாள் கணக்கில் வெளியே தொங்கவிட வேண்டும்.

தட்டு மேசைக்கு வந்ததும் பெட்டி அலறினால், சமைத்தவருக்குக் கைதட்டல். அலறாவிட்டால், இங்வார்.

போன வருஷம் என் முறை. பெட்டி ஊமையாக இருந்தது. சின்னப் பிள்ளைகள்கூட இன்னொரு துண்டு கேட்டார்கள். எங்கள் ஊரில் இதைவிட அவமானம் கிடையாது.

இந்த வருஷத்தையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

படகுக்காரர்களிடம் சொல்லிவைத்து, வளைகுடாவுக்கு வெளியே, கடலின் தரை சரிந்து இருட்டுக்குள் இறங்கும் இடத்திலிருந்து திருக்கை வரவழைத்தேன். சாம்பல் நிறம். விரித்துப் போட்டால் எங்கள் கட்டிலை மூடும். வெளிச்சம் என்றால் என்னவென்றே தெரியாமல், சேற்றுக்கு ஒரு விரல் மேலே, இறக்கையை மெல்ல அசைத்துக்கொண்டு ஒரு ஆயுள் முழுக்கப் பறந்திருக்கும். படகில் வந்து விழுந்தபோது, யாரோ தெரியாமல் விளக்கைப் போட்டுவிட்டதுபோல் அவர்களைப் பார்த்ததாம்.

அதை வெட்டித் தொட்டியில் அடுக்கி, மூடி, கயிற்றால் கட்டிவைத்தேன். தினமும் அவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கட்டுவேன். கடைசி வாரங்களில் என் கணவன் கோல்பெய்ன் கட்டிலின் ஓரத்துக்கே போய்விட்டான்.

மதியம் கூடம் நிரம்பியது. எல்லோரும் தங்களுடைய மோசமான ஸ்வெட்டரில் வந்திருந்தார்கள். சாராயம் ஒரு சுற்று போனது. கறுப்பு ரொட்டி, உருக்கிய ஆட்டுக்கொழுப்பு எல்லாம் மேசைக்கு வந்தாயிற்று. கொட்டகையில் மீன் வெந்ததும் கோல்பெய்ன் பானையோடு வர வேண்டும், அதுதான் பாக்கி.

முதலில் பார்தியின் மூக்கு சுருங்கியது. ஆலையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். வருகிறது, வருகிறது என்று மேசையைத் தட்டினான்.

பிறகு எல்லோருக்கும் வந்தது. ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். ஒருவன் இருமிக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அப்புறம் பெட்டி அலறியது.

மேசைக்கு மீன் வருவதற்கு முன்பே அது அலறி யாரும் கேட்டதில்லை. கூரை அதிரக் கைதட்டினார்கள். பார்தி வழக்கம்போல் நாற்காலியில் ஏறி, பெட்டியைக் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கி அலமாரிக்குள் போட்டான். இறங்கிவந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

இங்வார் எழுந்து நின்றான். கன்னமெல்லாம் கண்ணீர். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, தான் ஒரு கழுதை என்று ஊரறியச் சொன்னான்.

நான் தரையில் நடக்கவில்லை. அந்த ஆழத்துத் திருக்கையைப் போல, ஒரு விரல் மேலே மிதந்தேன்.

பின்கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கோல்பெய்ன் வந்தான். தலையெல்லாம் பனி. கையில் இருந்தது பானை அல்ல, தொட்டி.

“கேஸ் சிலிண்டர் காலியா இருந்துச்சு ஹல்லா,” என்றான் காதோடு. “வேற சிலிண்டர் எடுக்கப் போனா வண்டி பனியில மாட்டிக்கிச்சு. நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கல.”

கண்ணைக் கசக்கிக்கொண்டு, இங்கே என்ன இப்படி எரிகிறது என்று கேட்டான்.

நான் கயிற்றைப் பார்த்தேன். காலையில் நான் போட்ட முடிச்சு, போட்டபடியே இருந்தது. என் மீன் இன்னும் இருட்டில்தான் கிடந்தது.

கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திர அறை. பார்தி அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, இருமி இருமிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கரண்டியால் கிளாஸைத் தட்டினேன். ஏதோ பேசப்போகிறேன் என்று அமைதியானார்கள். இது என் மீனின் நெடி இல்லை, அமோனியா கசிகிறது, எல்லோரும் கோட்டை எடுத்துக்கொண்டு உடனே வெளியே போங்கள் என்றேன்.

கூடமே சிரித்தது. ஹல்லாவுக்கு என்ன அடக்கம் என்று யாரோ சொன்னார்கள். மறுபடி கத்திச் சொன்னேன். மறுபடி கைதட்டினார்கள். இருமல் இப்போது எல்லா மேசையிலிருந்தும் கேட்டது. அதையும் பாராட்டாகவே எனக்குத் தந்தார்கள்.

நேராக இங்வாரிடம் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். தொட்டியை அவன் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டச் சொல்லி கோல்பெய்னுக்குக் கைகாட்டினேன். முடிச்சைப் பார்த்ததும் இங்வாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க, இங்வார். நீ சொன்னா நம்புவாங்க. எழுந்து நின்னு சத்தமா சொல்லு, ஹல்லாவோட மீன் என்னைக்குமே இப்படி நாறாதுன்னு.”