வெள்ளை முடிக்கு ஏற்ற மெஷின்

பூனை காணாமல் போய் மூன்று வாரம் ஆகியும் சோபாவில் வெள்ளை முடி தீரவில்லை. டெமோ காட்டுவதற்காக விற்பனையாளர் இரண்டு வேக்குவம் கிளீனர்களோடு வீட்டுக்கு வந்தார்.

"பூனையே போயிடுச்சு, இனிமே மெஷின் எதுக்குங்க?" என்றாள் மனைவி. அவள் இன்னமும் தினமும் வாசலில் பால் கிண்ணம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அது போனாலும் அதோட சொத்தை நமக்கு எழுதி வச்சுட்டுப் போயிருக்கே," என்று கணவர் சிரித்தார். அவர் பார்சல் ஆபீஸில் மூட்டை கட்டுகிறவர். பூனையைக் கோணியில் போட்டுக் கட்டி ஏரியில் எறிந்தவரும் அவர்தான். மனைவியிடம் அது ஓடிப்போய்விட்டது என்று சொல்லியிருந்தார்.

விற்பனையாளர் சின்ன மெஷினை சோபாவின் மேல் ஓட்டி, டப்பாவைச் செய்தித்தாளில் கொட்டிக் காட்டினார். ஒரு கைப்பிடி முடி இருந்தது. அதே இடத்தில் பெரிய மெஷினை ஓட்டினார். இரண்டு கைப்பிடி வந்தது. அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஈரத்துல போடக் கூடாதுன்னு முதல்லயே சொன்னேனே சார்."

கணவர் சோபாவைத் தடவிப் பார்த்தார். "காய்ஞ்சுதானேய்யா கிடக்கு. சரி, பெருசு வேணாம். சின்னதே போதும்."

விற்பனையாளர் டப்பாவை இன்னொரு தரம் தட்டினார். பாசி படிந்த சணல் கயிறு ஒன்று விழுந்தது. மூன்று சுற்று சுற்றி இரட்டை முடிச்சு போட்டிருந்தது. முடிச்சு அவிழவே இல்லை.

மனைவி அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, மூலையில் கணவர் கட்டி வைத்திருந்த பழைய பேப்பர்க் கட்டுகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே முடிச்சு.

கணவர் பிளக்கைப் பிடுங்கினார்.

அவள் வாசலுக்குப் போய்ப் பால் கிண்ணத்தை எடுத்து வந்து, செய்தித்தாளின் பக்கத்தில் வைத்தாள்.

"பெருசையே எடுத்துக்கறோம் அண்ணா," என்றாள். "இன்னொரு தடவை போடுங்க."