பதினோராவது ஆள்

"பத்து பேர்தான் நிக்கறீங்க. சுதாகர் எங்க?"

கேட்டுக்கொண்டே அனுசுயா மறுபடியும் தலைகளை எண்ணினாள். திருத்தணி மலையடிவாரத்தில் விடுதி கட்டக் கடைக்கால் தோண்டிய பள்ளம், டீ நேரத்தில் ஒரு பக்கம் அப்படியே சரிந்துவிட்டது. வேலையாட்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பான இன்ஜினியர் அவள்தான். காலையில் தூறலில் குடை பிடித்தபடி அவளே பெயர் கூப்பிட்டுக் குறித்த நோட்டில் பதினோரு பேர் இருந்தார்கள்.

"பள்ளத்துல பரசுராமனுக்கும் சுதாகருக்கும்தான் மேடம் வேலை. இவரு மட்டும் டீக்கு மேல வந்தாரு. இவரு மச்சான் உள்ளயே மாட்டிக்கினான்!" என்று அலறினான் குமரேசன்.

பரசுராமன் முகத்தில் ஈயாடவில்லை. பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி ஆயிற்றே, பாவம் மனுஷன் என்ன பேசுவார்?

குமரேசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கப் போனான். பரசுராமன் அவனைப் பிடித்துத் தள்ளினார்.

"யாரும் எறங்காதீங்கடா! எதிர்க்கரையும் வெடிச்சிக்கீது. நான் போய்ப் பாக்கறேன்."

தீயணைப்பு வண்டி வரும்வரை யாரையும் இறக்கக் கூடாது. அது அனுசுயாவுக்குத் தெரியும். ஆனால் மண்ணுக்கு அடியில் இருப்பவனுக்கு மூச்சு எத்தனை நிமிஷம் தாங்கும்? இடுப்பில் கயிறு கட்டி அவரை இறக்கினாள்.

இறங்கியவர் ஒரு பிடி மண்ணைக்கூட அள்ளவில்லை. இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு அண்ணாந்தார்.

"இங்க யாரும் இல்லீங்க மேடம். மேல வந்துடறேன்."

அனுசுயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த மச்சானுக்கே இப்படியா? "தோண்டாமலே எப்படிச் சொல்றீங்க? நோட்டுல ஆள் இருக்கு. தோண்டுங்க!"

"நெசமாவே இல்லீங்க மேடம்..."

"தோண்டுங்கன்னா!"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மண்வெட்டியை எடுத்தார். இரண்டு வெட்டுதான். எதிர்க்கரை மொத்தமாக அவர்மேல் இறங்கியது.

ஒன்பது பேரும் சேர்ந்து இழுத்தும் கயிறு அசையவில்லை. தீயணைப்பு ஆட்கள் வந்து, ஒரு மணி நேரம் போராடி, பரசுராமனின் உடலைத் தார்ப்பாயில் கிடத்தினார்கள்.

"இன்னொருத்தர் உள்ள இருக்காருங்க. நிறுத்தாதீங்க!" அனுசுயா அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து குதித்தவன், கையிலிருந்த பேப்பர்களை உதறிவிட்டு ஓடிவந்து உடலின்மேல் விழுந்தான்.

"ஐயோ பாவா! அக்காவுக்கு நான் என்னா சொல்லுவேன்!"

சுதாகர்!

"பொண்ணு சர்டிபிகேட்டுக்குத் தாலுகா ஆபீஸ் போய்ட்டு வந்துடறேன்னேன். 'மேடத்துக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரு வேலையும் போயிடும்டா'ன்னு பயந்துகினேதான் ஒத்துக்கினாரு..." என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான் அவன். "காலையில நீங்க பேர் கூப்பிட்டப்போ எனக்கும் சேத்து 'ஆங்'னது இவருதான் மேடம்!"