உலகநாதனின் ஒலிப்பதிவுக் கூடம்

ஆவடி குடியிருப்பின் மாடி வீட்டில், உலகநாதனின் கீபோர்டை ஸ்பீக்கரிலிருந்து கழற்றி, மிக்சர் என்னும் ஒலிக்கலவைப் பெட்டியோடும் மிக்சரைக் கணினியோடும் இணைத்துவிட்டு, ஸ்ரீகாந்த் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டான். இன்று இது கைகூடாவிட்டால் மனைவி சுதாவின் முகத்தில் விழிக்க முடியாது. ஆனால் திரையில் ஒலிக்கோடு அசைய மறுத்தது.

"விட்டுடுங்க தம்பி. நான் வழக்கம்போல ஸ்பீக்கர்லயே வாசிச்சுக்கிறேன்," என்றார் உலகநாதன்.

"ஐயையோ, வேணாம் சார்!" ஸ்ரீகாந்த் பதறிப்போனான். "உங்க வாசிப்பு காத்தோட போகலாமா? பதிவாகணும் சார்."

உலகநாதனின் கண்கள் கலங்கின. "என் சம்சாரம்கூட இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல தம்பி."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஸ்ரீகாந்த் கணினியைத் துழாவினான். கணினி தன் சொந்த மைக்கையே நம்பிக்கொண்டிருந்தது. அதை மாற்றி மிக்சரைத் தேர்ந்தெடுத்து, கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தியதும் கோடு துள்ளிக் குதித்தது. உடனே, தான் வாங்கி வந்திருந்த ஹெட்போனை மிக்சரில் செருகி, பயபக்தியோடு அவர் காதில் மாட்டினான்.

உலகநாதன் கட்டைகளை ஓங்கி அழுத்தினார். "ஆஹா! கச்சேரி மேடையில உக்காந்த மாதிரி இருக்கு. ஹெட்போன் உங்களுதா?"

"என் அன்பளிப்பு சார். வாசிக்கும்போது மட்டும் கழட்டிடாதீங்க."

விடைபெற்றுப் படியிறங்கி, நேர் கீழே இருந்த தன் வீட்டுக் கதவைத் தட்டினான். இராப்பணி முடிந்து வந்தும் உறங்க வழியில்லாத சுதா, காதிலிருந்த பஞ்சை எடுத்தபடி கதவைத் திறந்தாள்.

"மேல சத்தத்தையே காணோமே! மனுஷன் வெளிய கிளம்பிட்டாரா?"

"உயிரக் குடுத்து வாசிச்சுக்கிட்டிருக்கார்," என்றான் ஸ்ரீகாந்த். "நீ போய்த் தூங்கு."