பூனைக்குப் பதிலாகச் சாப்பிட்டவர்

ஜமீன் என்கிற பூனை ஒன்பது கிலோவைத் தொட்டதும், கால்நடை மருத்துவர் ஒரு ஜோடி நிறைவுப் பட்டைகளை எழுதிக் கொடுத்தார். ஒன்று பூனையின் கழுத்துக்கு, மற்றது ராஜமாணிக்கத்தின் கைக்கு. அவர் சாப்பிட்டால் பூனைக்குப் பசி அடங்கிவிடும். அது காலைச் சுற்றிக் கத்தும்போதெல்லாம் அவர் இரண்டு இட்லி சாப்பிட்டார். பசி அடங்கியது பூனைக்கு, சதை போட்டது அவருக்கு.

அவரைப் பார்த்த டாக்டரும் அதே பட்டையைத்தான் எழுதினார். வீட்டில் ஒல்லியாக மிச்சமிருந்தவள் மனைவி செண்பகம்; ஜோடியில் ஒன்று அவள் கைக்குப் போனது. அவள் சாப்பிட்டால் அவருக்கும், அவர் வழியாகப் பூனைக்கும் பசி அடங்கும். கிருத்திகை வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

அன்று அவளுக்கு விரதம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒன்றைக்கூட விட்டதில்லை. விடிந்ததிலிருந்து கணவரும் பூனையும் அவள் பின்னாலேயே அலைந்தார்கள்.

"அரை இட்லி மட்டும் தின்னு கண்ணு. முருகன் கோவிச்சுக்க மாட்டாரு."

"அதை அவருகிட்டயே கேட்டுட்டு வர்றேனுங்க" என்ற செண்பகம், தன் பட்டையைக் கழற்றி ஜமீனின் காலில் மாட்டினாள். "இனி அது தின்னா உங்களுக்கு அடங்கும், நீங்க தின்னா அதுக்கு அடங்கும். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்க."

அவள் கோயிலிலிருந்து திரும்பியபோது இட்லிப் பாத்திரம் காலியாக இருந்தது. ஜமீன் சோபாவில் கண் சொருகிக் கிடந்தது. அதன் எதிரே பசியோடு மண்டியிட்டிருந்த ராஜமாணிக்கம், மீன் பிஸ்கட்டை நீட்டி, "ஒரே ஒரு கடி கடிங்க சாமி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது.