கேமராவுக்குப் பிடித்த முகம்

"மாப்ளே, இன்னிக்குப் பிறந்த நாள் எனக்கா, உங்களுக்கா?"

கேமராவின் பின்பக்கத் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்துகொண்டு கேட்டார் மாமனார். படத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த அவர், ஆவி படிந்த குளியலறைக் கண்ணாடியில் தெரிவது போல மங்கலாக இருந்தார். பின்வரிசை ஓரத்தில் நின்ற மாப்பிள்ளை மட்டும் சோப்பு விளம்பரத்துக்கு வந்தவன் போலப் பளிச்சென்று இருந்தான். மீசை முடியை எண்ணலாம்.

மாப்பிள்ளைக்குத் தொழிலே படம் எடுப்பதுதான். "ஸ்மைல் ப்ளீஸ், ஸ்மைல் ப்ளீஸ்" என்று எல்லாரையும் மிரட்டி மிரட்டி 'ஸ்மைல்' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. இப்போது அவனுக்கே அது வரவில்லை.

"கேமரா வேற கம்பெனி மாமா. கை இன்னும் பழகல."

"கை பழகலேன்னா எல்லாரும்ல மங்கணும்? நீங்க மட்டும் எப்படித் தப்பிச்சீங்க?"

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தானுக்குத் தன் மேல அவ்வளவு ஆசைப்பா!"

சிரிக்கிற நிலையில் ஸ்மைல் இல்லை. மாமனார் வீட்டுக் கீழ்த்தளம் காலியாகக் கிடந்தது. அதில் ஸ்டுடியோ வைக்க அவன் நடையாய் நடந்தான். கடைசியில் கிழவர் இறங்கி வந்தார். "எழுபதாவது பிறந்த நாளுக்குக் குடும்பம் மொத்தமும் பளிச்சுனு தெரியற மாதிரி ஒரு படம் எடுங்க. கூடத்துல ஆளுயரத்துக்கு மாட்டணும். அது நல்லா வந்தா சாவி உங்களுக்கு." அந்தச் சாவி இப்போது அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

பழைய கேமராவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பான். மேக்கப்காரியோடு வெளிப்புறப் படப்பிடிப்புக்கு இடம் பார்க்கப் போன ஒரு சனிக்கிழமை, அது ஏரியில் விழுந்து உயிரை விட்டது. அழாத குறையாக வீடு திரும்பியவனுக்கு, இரண்டே நாளில் மனைவி எங்கிருந்தோ இதை வாங்கி வந்து நீட்டினாள்.

"பழசுதான். ஆனா நல்லா உழைச்ச கேமரா."

கூடவே முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். அடுத்த தெரு மொட்டை மாடியில் காயும் சட்டையின் பொத்தான் வரைக்கும் தெரிந்தது. கொக்கு, குருவி எடுக்கிற ஆளிடம் வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"வேற கம்பெனியாச்சேம்மா, எல்லாமே தலைகீழா இருக்கே!"

"பழகிக்குங்க. புதுசு புதுசாப் பழகறது உங்களுக்கு என்ன கஷ்டமா?"

கஷ்டம்தான். பழையதில் கிட்டே வரத் திருப்புகிற பக்கம் திருப்பினால் இதில் தூரப் போனது. ஃபிளாஷ் என்று நினைத்து அமுக்கினால் வீடியோ ஓடியது. அன்று காலையில்தான், மாமியார் பல்செட்டைத் தேடி வீடு முழுக்க அலைந்ததை ஒரு நொடி விடாமல் எடுத்து வைத்திருந்தான்.

"சரி, இன்னொண்ணு எடுங்க" என்றார் மாமனார்.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினான். ரிமோட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு இந்த முறை முன்னால் தரையில் சம்மணம் போட்டான். க்ளிக். அவன் பளிச். அவனுக்குப் பின்னால் இருந்த மொத்த வம்சமும் மூடுபனி.

அவன் விலகி நின்று எடுத்தான். எல்லாரும் படத்தில் கண்ணாடி மாதிரி தெளிவாக விழுந்தார்கள்.

"இது பிரமாதம்! ஆனா மாப்ளே இல்லாம என்ன குடும்பப் படம்? எல்லாரும் இருக்கணும்னு சொன்னேன்ல?"

ஸ்மைல் பல்லைக் கடித்தான். கேமராவின் திரையைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்தான். முகத்தைப் பிடிக்கும் பச்சைக் கட்டம் மாமனாரின் மூக்கில் சமர்த்தாக நின்றது. ஸ்மைல் ஓரத்தில் வந்து நின்றதும் ஒரே தாவு. அவன் பக்கவாட்டில் திரும்பினான். கறுப்புக் கண்ணாடி மாட்டிப் பார்த்தான். கட்டம் ஈ மாதிரி அவன் மேலேயே மொய்த்தது.

"அத்தான், எங்க ஆபீஸ் வாசல்ல ஒரு மிஷின் இருக்கு" என்றான் மச்சினன். "மூஞ்சியைப் பதிஞ்சு வெச்சா, அப்புறம் அந்த மூஞ்சியைத்தான் தேடும். இதுலயும் யாராவது எதையாவது பதிஞ்சிருக்கப் போறாங்க, பாருங்க."

ஸ்மைல் கேமராவின் செட்டிங்ஸுக்குள் புகுந்தான். ஏதோ ஒரு மூலையில் அது கிடைத்தது. பதிந்து வைத்திருந்தது ஒரே ஒரு முகம். அவனுடையதேதான்! நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வாயெல்லாம் பல்லாக ஒன்று. ஒன்றில்கூட அவன் கேமராவைப் பார்க்கவில்லை.

கள்ளி! தெரியாமல் எடுத்துப் பதிந்திருக்கிறாள்!

மனைவி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளை நன்றியோடு பார்த்தான் ஸ்மைல். ஊரையெல்லாம் எடுத்தவன், சொந்த வீட்டு ஆல்பத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாதவன். அதை ஒருத்தி மனசில் வைத்திருந்திருக்கிறாளே!

எட்டிப் பார்த்த மாமனாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா மாப்ளே! எத்தனை பேர் நின்னாலும் புருஷன் முகம்தான் முதல்ல தெரியணும்னு பதிஞ்சு வெச்சிருக்கா என் பொண்ணு. இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்கு வாய்க்கும்? படம் கிடக்கட்டும். இந்தாங்க, பிடிங்க சாவியை!"

ஸ்மைல் கையை நீட்டினான். அதற்குள் குறுக்கே நீண்ட மனைவியின் கை சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டது.

"நான் எங்கப்பா பதிஞ்சேன்? இவர் பின்னாடி நான் அனுப்பி வெச்ச டிடெக்டிவ் பதிஞ்சது."