பாலத்தில் படுத்த கரடி

“இந்தக் கரடிக்கு ஏன் சார் வால் இல்லை?” என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

மேசைமேல் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று, பேராசிரியரின் மனைவி எழுதி, அவளே வண்ணம் தீட்டிய படக்கதை. நான்கு வயதுக் குழந்தைகளுக்கானது. இன்னொன்று, பேராசிரியர் எழுதிய ‘இலக்கியத்தின் மறைமொழியும் அதிகாரத்தின் செவியும்’. எந்த வயதினருக்கானது என்று இதுவரை தெரியவரவில்லை.

மனைவியைக் காலையில் இரண்டு பேர் வந்து அழைத்துப் போனார்கள். பேசிவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். அவள் ரத்த அழுத்த மாத்திரையை வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேராசிரியர் பின்னாலேயே ஓடிவந்தார். வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, வெகுநேரம் பெஞ்சில் உட்காரவைத்து, இப்போதுதான் உள்ளே விட்டிருந்தார்கள்.

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு சாத்தியிருந்தது. பேராசிரியரின் கண் அதைவிட்டு நகரவில்லை.

“என் மனைவி உள்ளேதான் இருக்காங்களா?”

“முதல்ல நாம பேசி முடிச்சிடுவோமே சார்” என்றார் அதிகாரி. பெரிய புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: “‘பாலத்தை மறித்துக் கிடக்கும் இக்கரடி, நம் காலத்து அதிகாரமேயன்றி வேறல்ல. எறும்புகள் ஒன்றுகூடி அதை ஆற்றில் உருட்டும் காட்சி, வரவிருக்கும் எழுச்சியின் முன்வரைவு.’ நீங்க எழுதினதுதானே?”

மனிதர் நிறுத்தி, நிதானமாக, மூச்செடுக்க வேண்டிய இடத்தில் எடுத்துப் படித்தார். தன் நூலை ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பேராசிரியர் இதுவரை கேட்டதில்லை. வெளியீட்டு விழாவில் பேசிய நால்வரும் அட்டையைத் தாண்டியதாகத் தெரியவில்லை. புல்லரித்தது. மறுகணமே, புல்லரித்ததற்காகத் தன்னையே ஓங்கி அறையலாம்போல இருந்தது.

“வால் இல்லாததை ஓர் இன்மையாகப் பார்க்கணும்” என்று வாய் பழக்கதோஷத்தில் தொடங்கிவிட்டது. “இன்மைங்கிறது வெறும் இல்லாமை அல்ல. அது ஒரு…”

கதவு கண்ணில் பட்டது. வாய் மூடிக்கொண்டது.

உண்மை அவருக்குத் தெரியும். அத்தியாயத்தைக் கையெழுத்துப் பிரதியிலேயே படித்த மனைவி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சொல்லவும் சொன்னாள். படைப்பைப் பற்றிப் படைத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று அவர்தான் அவள் வாயை அடைத்தார்.

“அது நான்” என்றார் பேராசிரியர்.

“புரியலை சார்.”

“கரடி. அது நான்தான். மத்தியானம் சாப்பிட்டதும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவுல, காத்து வருதேன்னு நிலைப்படியிலேயே படுத்துடுவேன். அவ தட்டையும் தண்ணியையும் வெச்சுக்கிட்டு என்னைத் தாண்டித் தாண்டிப் போவா. எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டேன். அதைத்தான் வரைஞ்சிருக்கா. எனக்கு வால் கிடையாது. அதனால கரடிக்கும் கிடையாது.”

அதிகாரி படத்தைப் பார்த்தார். பேராசிரியரின் வயிற்றைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“அப்போ இந்த அத்தியாயம்?”

“அடிச்சு விட்டது” என்றார் பேராசிரியர்.

கருத்தரங்குகளில் சக பேராசிரியர்களைப் பற்றி, அவர்கள் முதுகுக்குப் பின்னால் மட்டும், அவர் பயன்படுத்தும் சொல் அது. தன் வாயாலேயே தன்மேல் போட்டுக்கொண்டதும் காது மடல் இரண்டும் சுட்டன. பரவாயில்லை. அவள் வீட்டுக்கு வந்தால் போதும்.

அதிகாரி தலையாட்டினார். வருத்தம்போலவே இருந்தது அந்தத் தலையாட்டல். “ராத்திரி பகலா உக்காந்து முழுசும் படிச்சேன் சார். அப்போ மீதி அத்தியாயமும் இதே கதைதானா? எழுத்தாளருங்க சொன்னாங்கன்னு எழுதியிருக்கிறதெல்லாம் நீங்களே அடிச்சு விட்டதுதானா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். எழுந்து போயிருக்கலாம்.

ஆனால் அந்த மீதி அத்தியாயங்களுக்காக அவர் ஊர் ஊராக அலைந்திருந்தார். முடி கொட்டியது அதில்தான். அதையும் கரடியோடு சேர்த்து ஆற்றில் உருட்டிவிட மனம் வரவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் ஒன்றைக் கொடுத்தாகிவிட்டதே.

“அதெப்படிச் சொல்லுவீங்க?” குரல் தானாக வகுப்பறைக் குரலானது. “அது ஆராய்ச்சி சார். ஒவ்வொருத்தரையும் வீட்டுக்கே போய்ப் பாத்து, அவங்க வாயாலேயே கேட்டு எழுதினது. ஒரு வரி பொய்னு நிரூபிங்க, பேனாவைத் தூக்கிப் போட்டுடறேன்.”

“ஒரு வரிகூடப் பொய் இல்லை?”

“ஒரு வரிகூட!”

“நல்லது சார்” என்றார் அதிகாரி. முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பேராசிரியர் எழுந்தார். பைக்குள் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்தார். “கரடி விஷயம் தீர்ந்துதே. அவளைக் கூட்டிட்டுப் போகலாமா?”

“மேடமையா? அவங்களைக் காலையிலேயே எங்க வண்டியில வீட்டுல விட்டாச்சே” என்றார் அதிகாரி. “குழந்தைங்களுக்குப் பொம்மை போடறவங்ககிட்ட எங்களுக்கு என்ன சார் வேலை?”

கையை நீட்டிப் பின்னாலிருந்த கதவைத் தள்ளினார். உள்ளே உடைந்த நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தார்கள்.

“உக்காருங்க சார்.”

பெரிய புத்தகத்தை முதல் அத்தியாயத்துக்குப் புரட்டினார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பின்மேல் விரலை வைத்தார்.

“‘பெயர் சொல்ல விரும்பாத கவிஞர் ஒருவர் என்னிடம் தனிமையில் கூறியது’ன்னு போட்டிருக்கீங்க. அவர் வீடு எந்தத் தெருவுல சார்?”