சிவப்புப் பொத்தான்

“பாத்து மாப்ள, தலையில இடிச்சுக்கப் போற” என்றார் பட்டறை முதலாளி. ஒரு சாக்கை நான்காக மடித்து, தலைக்கு வைத்துக்கொள்ள நீட்டினார்.

மச்சினன் அதை வாங்கிக்கொண்டு, மேலே போல்ட்டை முடுக்க ஸ்பேனரோடு, இரும்புத் தகடு வெட்டும் மெஷினின் மேடையில் மல்லாந்து படுத்தான். அவன் மார்புக்கு நேர் மேலே வெட்டும் தலை தொங்கியது. இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத இரும்பு.

“என்னைக்கும் இல்லாத அக்கறையா இருக்கே மாமா?”

“நாளைக்குப் போறவன்டா நீ. இன்னைக்காவது உபசாரம் பண்ண வேணாமா?”

நாளை அவன் தனிப் பட்டறை திறக்கிறான். கம்ப்யூட்டர் சொல்கிறபடி நான்கு மோட்டாரையும் ஒரே சமயத்தில் ஆட்டிவைக்கும் இந்த போர்டு அவன் கைவண்ணம். வருகிறவர்கள் எல்லாரும் அவனைத்தான் தேடுவார்கள். முதலாளியைப் பார்த்துத் தலையசைப்பதோடு சரி. நாளை முதல் அவர்களும் அவன் பின்னாலேயே போய்விடுவார்கள்.

“போர்டைப் பாருங்க மாமா. மோட்டாருக்கு ஒரு பச்சை விளக்கு. பிரேக் கம்பி கழண்டிருந்தா நாலாவது எரியாது.”

“நாலும் ஜோரா எரியுதுடா” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

கரண்ட் போனால் அந்தத் தலையைக் கவ்விப் பிடிப்பது பிரேக். காலையில் அவன் டீ குடிக்கப் போனபோது, அதன் கம்பியை போர்டிலிருந்து உருவி, பொத்தானை அழுத்தினாலும் நிற்காத வேறு கரண்டில் தனியாகச் சொருகியிருந்தார். இனி அது கவ்வாது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓயும், தலை விழும். ஆபத்துக்கென்று வைத்த பொத்தான்தானே. அழுத்தியவரை யார் குறை சொல்லப்போகிறார்கள்?

“அக்காகிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னேன். விட்டுட்டுப் போறியேடான்னு ஒரே அழுகை.”

“அழட்டும். அழுது பழகட்டும்.”

மேடையில் ஸ்பேனர் திருகும் சத்தம் நின்றது. “என்ன மாமா சொன்னீங்க?”

“ஒண்ணுமில்லடா. வேலையைப் பாரு.”

அவர் போர்டிலிருந்த பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். புறங்கையில் நான்கு பச்சைப் புள்ளிகள் விழுந்தன. அவர் கண்ணில் பட்டது சிவப்பு மட்டும்தான்.

“ஐயோ மாப்ள, உன் விரல் மாட்டிக்கிச்சே!” தெரு வரைக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டே ஓங்கி அழுத்தினார். கண்களை இறுக மூடிக்கொண்டார்.

டக்.

அவ்வளவுதான். அலறல் இல்லை. எதுவும் விழவில்லை.

கண்ணைத் திறந்தார். வெட்டும் தலை மயிரிழைகூட இறங்காமல் அந்தரத்தில் நின்றது. அதன் கீழே மச்சினன், சாக்கில் தலை வைத்தபடி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“டீ குடிச்சிட்டு வந்ததுமே கம்பியைப் பழையபடி மாட்டிட்டேன். யாரு மாத்தினதுன்னு பாக்கத்தான் மாமா இங்க படுத்தேன்.”